தைராய்டு இருந்தால் சிறுநீரையும் பாருங்கள்

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் சுரப்பு) அளவை மட்டும் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஹாஷிமோட்டோ (தைராய்டு சுரப்பு குறைவது), கிரேவ்ஸ் (சுரப்பு மிகுவது) நோயாளிகளுக்கு அது போதாது, ஆண்டுக்கு ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்த்தாக வேண்டும் என்பது என் கட்சி. மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் எழுதியது கழுத்துச் சுரப்பியைப் பற்றி. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றலே அந்தச் சுரப்பியைத் தாக்குகிறது என்பது 1956-இல் தெரிய வந்தது. தன் உடலையே தாக்கத் தொடங்கிய எதிர்ப்பாற்றல் கழுத்தோடு நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதலில் கிரியேட்டினினை, அதாவது தசையில் உண்டாகி சிறுநீரகம் வெளியேற்றும் கழிவை, எடுத்துக்கொள்வோம். தைராய்டு சுரப்பு குறைந்தால் இதயம் தளர்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, கிரியேட்டினின் ஏறுகிறது. மாத்திரை கொடுத்து சுரப்பு சீரானால் பெரும்பாலும் அதுவும் இறங்கிவிடும். எனவே டி.எஸ்.எச். பார்க்காமல் 'கிட்னி போய்விட்டது' என்று யாரையும் கலங்கடிக்கக் கூடாது. கிரேவ்ஸில் கதை தலைகீழ். வடிகட்டும் வேகம் கூடுகிறது, தசையும் கரைகிறது, கிரியேட்டினின் குறைவாகவே காட்டுகிறது. உள்ளே இருக்கும் சிறுநீரக நோய் அதில் மறைந்துவிடும். சிகிச்சைக்குப் பிறகு எண் ஏறினால் மாத்திரைமேல் பழி விழுகிறது.

புரதம் வேறு விஷயம். ஹாஷிமோட்டோ உள்ள சிலருக்கு சிறுநீரக வடிகட்டிச் சவ்வில் எதிர்ப்புப் பொருள்கள் படிந்து, புரதம் ஒழுகத் தொடங்குகிறது. சிலரின் திசுப் பரிசோதனையில் தைராய்டுக்கே உரிய தைரோகுளோபுலின் என்ற புரதத்தையும் அங்கே கண்டிருக்கிறார்கள். இதை தைராய்டு மாத்திரை மட்டும் சரிசெய்யாது. அது சுரப்பின் குறையை ஈடுகட்டுமே தவிர, எதிர்ப்பாற்றலின் தாக்குதலை நிறுத்தாது. புரதம் நிறைய ஒழுகும்போது அதனோடு தைராய்டு சுரப்பும் வெளியேறுவதால், மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். முகம் உப்புவது தைராய்டு குறைவுக்கும் சிறுநீரக நோய்க்கும் பொது. கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால், அதைத் தைராய்டு வீக்கம் என்று ஒதுக்காதீர்கள். தைராய்டு குறைவில் வரும் வீக்கம் பெரும்பாலும் அப்படிக் குழி விழாது. சிறுநீரில் கலையாத நுரையும் அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறி.

தைராய்டு நோயும் சிறுநீரக நோயும் ஒருவருக்கே வருவது தற்செயலாக இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். தைராய்டு நோய் அவ்வளவு பரவலானது. எல்லாருக்கும் சிறுநீரகம் கெடும் என்று நான் சொல்லவில்லை. வீண் பயம் எதற்கு என்றும் கேட்பார்கள். சிறுநீரக நோய் பல ஆண்டுகள் வலியில்லாமலே வளரக்கூடியது, சிறுநீர்ப் பரிசோதனைக்கோ ஊசிகூட வேண்டாம். கிரேவ்ஸுக்குக் கொடுக்கும் புரோபைல்தயோயுராசில் மாத்திரை, அரிதாக, ரத்தக்குழாய் அழற்சியை உண்டாக்கி சிறுநீரகத்தைத் தாக்குவதும் உண்டு. ஏற்கெனவே சிறுநீரக நோய்க்காகக் கால்சியம், இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து சரியாக உடலில் சேராது.

அடுத்த முறை டி.எஸ்.எச்.-க்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது, காலையில் போகும் முதல் சிறுநீரையும் ஒரு குப்பியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.