வேலையில் சேரப்போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது.

உன் வேலைக் கடிதத்தை உன் அம்மா புலனத்தில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். சுங்கைப்பட்டாணியில் தனியார் மருத்துவமனை, நல்ல சம்பளம், பீடோங் வீட்டிலிருந்தே போய்வரலாம். சந்தோஷம். ஆனால் அதில் ஓரிடம் உறுத்தியது. மேலே ‘மக்கள் தொடர்பு அதிகாரி’ என்று போட்டிருக்கிறார்கள். கீழே, சமூக ஊடகச் சந்தைப்படுத்தும் பிரிவின் மேலாளருக்குக் கீழ் வேலை என்று இருக்கிறது. போனில் சொன்னால் “சரி மாமா, சரி மாமா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தோட்ட நிறுவனத்தில் இந்த மக்கள் தொடர்பு வேலைக்கு வந்த காலத்தில் செய்தி மேலிருந்து கீழே மட்டும்தான் போகும். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கிராணி பெயர் கூப்பிட்டு முடித்ததும் துரையின் உத்தரவை வாசிப்பார். கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் வாளியும் கத்தியுமாக வேலைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்க நினைத்ததையெல்லாம் லயத்து வாசலிலும் கள்ளுக்கடையிலும் பேசித் தீர்ப்பார்கள். அது ஆபீஸ் படி ஏறாது. பட்டணத்து ஆபீசில் நாங்கள் செய்ததும் அதே பெரட்டுதான். அறிக்கை தட்டச்சு செய்வோம், கோலாலம்பூர்ப் பத்திரிகைகளுக்குத் தொலைநகலில் அனுப்புவோம், வெளிவந்ததைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டுவோம். கோப்பு தடித்தால் அந்த வருஷம் வேலை நடந்ததாகக் கணக்கு. மலேசியப் பொதுத்தொடர்புக் கழகம் 1962இலேயே தொடங்கியாயிற்று. அமெரிக்காவில் கிரூனிக், ஹன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984இல் இருவழித் தொடர்பு பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார்கள். பயிற்சி வகுப்பில் அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து மறுபடி அறிக்கைதான் அனுப்பினோம்.

கீழேயிருந்து மேலே வராத பேச்சு என்ன செய்யும் என்பது நம் கெடாக்காரர்களுக்குப் பழைய கதை. 1946, 47இல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பிக் கள்ளுக்கடைகளை மூடு என்றது. அன்றைய நிர்வாகங்கள் அவ்வளவு திடுக்கிட்டதற்குக் காரணம், வருஷக்கணக்காக லயத்தில் பேசிக்கொண்டிருந்தது எதுவும் அவர்கள் காதில் விழாததுதான் என்பது என் கணிப்பு.

இப்போது அந்த லயத்து வாசல் முழுக்கக் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் புலனக் குழுவையே எடுத்துக்கொள். தோட்டம் செம்பனையாகிப் பாதி வீடமைப்புப் பகுதியும் ஆகிவிட்டது. ஆட்கள் கூலிம், லூனாஸ், பட்டர்வொர்த் என்று சிதறிப் போனார்கள். குழு மட்டும் கலையவில்லை. காலை ஐந்து மணிக்குப் பிள்ளையார் படம். அப்புறம் ஒரு மரண அறிவிப்பு, எந்த மயானம், எத்தனை மணிக்கு எடுப்பு. ஒருத்தர் தீபாவளி முறுக்குக்கு ஆர்டர் கேட்பார். நடுவிலே ஒரு மருத்துவமனை ரசீதின் படம், ஒரு தொகையைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கூடவே ஒரு பெரியம்மாவின் குரல் பதிவு: “இதுக்கு ஏண்டா இவ்வளவு காசு?” அந்தக் குரல் கொஞ்ச நேரத்தில் கோயில் குழுக்களுக்குப் போய்விடும். உன் மருத்துவமனை வாங்கி வைத்திருக்கும் சமூக ஊடகக் கண்காணிப்பு மென்பொருளின் கண்ணில் இது படவே படாது. முகநூல் பக்கத்தில் வரும் கருத்தையாவது அது பிடிக்குமா என்றால், நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் தமிழும் மலாயும் கலந்து எழுதுவதைப் பார்த்து அது திணறும். “ரொம்ப நல்லா கவனிச்சாங்க, நாலு மணி நேரம் உட்கார வச்சு” என்று ஒருவர் எழுதினால் அதைப் பாராட்டுக் கணக்கில் சேர்த்து உன் மேலாளருக்கு அறிக்கை கொடுக்கும். ஆகவே முதல் ஒரு மாதம் நீ பதிவு போடுவதைக் காட்டிலும் படிப்பதில் நேரம் செலவழி. வெளிநோயாளிப் பிரிவில் போய் உட்கார். மருந்தகத்தில் எண் கூப்பிடும் பெண்ணோடு பழகு. என்ன கோபம் வரப்போகிறது என்பது முகநூலுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

முன்கூட்டிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2013 டிசம்பரில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது தொடக்கப் பள்ளி. நம் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், சுங்கை பத்து தோட்டத்தில், பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டியை வீடு கட்டுவதற்காக ஒரு நிறுவனம் தரைமட்டமாக்கியிருந்தது. அந்தச் சண்டி ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழிபாட்டுத் தலம். பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் டத்தோ வீ. நடராஜன் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள்; பினாங்கின் துணை முதல்வராக இருந்த பேராசிரியர் இராமசாமி அதை வெளியே கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குப் பாடம். சமமாக்கப்பட்ட மண்ணின் படம் முகநூலில் பரவியது. மாநிலத் தரப்பிலிருந்து முதலில் வந்த விளக்கம் என்ன தெரியுமா? அது தனியார் நிலம், பாரம்பரியத் தலமாக அரசிதழில் பதிவாகவில்லை. சட்டப்படி அதில் குற்றம் காண முடியாமல் இருக்கலாம். பழைய காலமாக இருந்தால் அந்த இரண்டு வரி அறிக்கையோடு விஷயம் உள்பக்கச் செய்தியாகி முடிந்திருக்கும். அன்றைக்கு முடியவில்லை. கெடாவாகிய கடாரம் எங்கள் ஊர் என்று தமிழர்கள் மட்டும் கொதிக்கவில்லை. மலாய்க்காரர்களும் சீனர்களும் இது எங்கள் சரித்திரம் என்று கேட்டார்கள். பதிவாகவில்லை என்ற விளக்கமே அடுத்த கேள்வியாகத் திரும்பி வந்தது: 1930களில் தொல்லியல் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் இந்தப் பள்ளத்தாக்கில் தோண்டத் தொடங்கியதிலிருந்து உலகத்துக்குத் தெரிந்த இடம், 2005இலேயே தேசிய மரபுடைமைச் சட்டம் வந்துவிட்டது, ஏன் இன்னும் பதிவாகவில்லை?

அந்த நாளில் உலகத்திலேயே கெட்டிக்கார மக்கள் தொடர்பு அதிகாரியைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தாலும் அவரால் என்ன எழுதியிருக்க முடியும்? அவர் இருந்திருக்க வேண்டிய இடம் வேறு. இயந்திரம் இறங்குவதற்கு முன்னால், வரைபடத்தை விரித்து வைத்துப் பேசிய அறையில், “இந்த ஓரத்தில் இருப்பது என்ன, இடித்தால் யார் யார் வருத்தப்படுவார்கள்?” என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். சமூக ஊடகம் வந்த பிறகு நம் தொழிலில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். காணொளி எடுப்பதும் டிக்டாக்கில் ஆடுவதும் யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். காரியம் நடப்பதற்கு முன்னால் உள்ளே கேள்வி கேட்பதுதான் இப்போது சம்பளத்துக்கு உரிய வேலை.

இருந்தாலும் விபரீதம் நடக்கும். அப்போது யார் பேசுகிறார், எவ்வளவு சீக்கிரம் என்பதைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். 2014இல் நம் நாட்டுக்கே அடி மேல் அடி விழுந்தது. மார்ச் 8இல் எம்.எச்.370 விமானம் காணாமல் போய், 24ஆம் தேதி குடும்பங்கள் பலவற்றுக்கு முடிவு குறுஞ்செய்தியாகப் போனது. நேரிலும் தொலைபேசியிலும் கூடச் சொன்னோம் என்று விமான நிறுவனம் விளக்கியது. ஆனால் மனதில் நின்றுவிட்டது குறுஞ்செய்திதான். டிசம்பர் 28இல் சுராபாயாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய இந்தோனேசிய ஏர் ஏசியா விமானம் 162 பேரோடு விழுந்தபோது, அந்தக் குழுமத்தின் தலைமை நிர்வாகி டோனி பெர்னாண்டஸ் அன்றைக்கே தன் டுவிட்டர் பக்கத்தில் தானே எழுதினார், சுராபாயாவுக்குக் கிளம்பினார், குடும்பங்களின் முன்னால் நின்றார். நிறுவனத்தின் சிவப்பு முத்திரை இணையப் பக்கங்களில் சாம்பல் நிறமானது. துக்கம் குறையவில்லை, ஆனால் ஒளிந்துகொண்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் மருத்துவமனையில் ஒன்று நடந்தால், தெரிந்தது இது, விசாரிப்பது இது, மறுபடி எத்தனை மணிக்குப் பேசுவோம் என்று ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், பெயரோடு ஒருவர் சொல்ல வேண்டும். கோபமான கருத்தை எக்காரணத்துக்கும் அழித்துவிடாதே. அழிப்பதற்குள் யாராவது படம் பிடித்திருப்பார்.

விளம்பரப் பக்கம் உன் மேலாளர் அவசரப்படுவார், பிரபலம் ஒருத்தரைக் கூட்டி வா என்பார். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது சுங்கை சிப்புட் சுகு-பவித்ரா தம்பதி வீட்டு அடுப்படியில் நின்று மலாயில் சமையல் சொன்னதை நாடே பார்த்தது. பெரிய விளம்பர நிறுவனங்களுக்குக் கிடைக்காத நம்பிக்கை தோட்டத்தில் வேலை செய்த இருவருக்குக் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் அப்படி ஒரு முகத்தை விலைக்கு வாங்கக் கிளம்பினார்கள். காசு கொடுத்துப் பேசவைத்தால் காசு கொடுத்தோம் என்று பதிவிலேயே போட்டுவிடு. மருத்துவ விளம்பரம் வேறு வகை: 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி எண் இல்லாமல் எதையும் ஏற்றாதே, முகநூலும் விளம்பரப் பலகைதான். நோயாளி சிரிக்கிறார் என்பதற்காகப் படத்தைப் போட்டுவிட முடியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 உடல்நல விவரத்துக்கு வெளிப்படையான சம்மதம் கேட்கிறது, கையெழுத்து வாங்கி வை. பதிலுக்குப் பதில் எவரையும் மட்டம் தட்டாதே. தொல்லை தரும் பதிவைத் தண்டிக்கும் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் அபராதத்தின் உச்சம் 50,000 வெள்ளியாக இருந்தது, 2025 திருத்தத்தில் 500,000 ஆகிவிட்டது.

இன்னொன்று. பாடாங் செராய்ப் பக்கத்துப் பாட்டிகள் உன் இன்ஸ்டாகிராமைப் பார்க்கப் போவதில்லை. 1924இல் பிறந்த தமிழ் நேசன் நாளிதழ் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அதனால் மிச்சமிருக்கும் நாளிதழ்களின் கெடா நிருபர்களுக்குச் சோலி குறைந்துவிட்டது என்று நினைக்காதே. அவர்களை விழாவுக்கு மட்டும் கூப்பிடாமல் சும்மா இருக்கும் நாளிலும் ஒரு கோப்பிக்குக் கூப்பிடு. வானொலியில் மின்னலும் ராகாவும் இன்னும் ஒவ்வொரு சமையலறையிலும் ஓடுகின்றன. தமிழ்ப் பதிவை இயந்திர மொழிபெயர்ப்பில் விடாதே, அச்சுக்குப் போகும் முன் எழுத்து உடைந்திருக்கிறதா என்று நீயே பார். புள்ளி போன தீபாவளி வாழ்த்துப் பதாகையை நம் ஊரில் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலிக்கிறது.

இப்போது உறுத்திய இடத்துக்கு வருகிறேன். சந்தைப்படுத்தும் மேலாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் ஆண்டு முடிவில் கணக்குக் காட்ட வேண்டியது எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பதிவு செய்து வந்தார்கள் என்பதை. ரசீதில் சிவப்பு வட்டம் போட்ட பெரியம்மா சொல்வது நியாயம் என்று நீ உணர்ந்தால் அதை யாரிடம் கொண்டுபோவாய்? விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் அவரிடம் சொன்னால், “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்பார். ஆகையால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மனிதவளப் பிரிவுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுது: புகார், விபத்து, பொதுமக்கள் நலன் சம்பந்தப்பட்ட விஷயங்களில் தலைமை நிர்வாகியிடம் நேரடியாகப் பேச உனக்கு உரிமை வேண்டும், அதை நியமனக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். இரவில் வரும் கேள்விகளுக்கு யார் முறை என்பதையும் இப்போதே கேட்டுக்கொள். இல்லாவிட்டால் எல்லா இரவும் உன் முறைதான். மறுத்தால் என்ன செய்வது என்று அம்மாவோடு பேசி முடிவு செய். திங்கட்கிழமைக்குள் எழுதி அனுப்பிவிடு, அனுப்புவதற்கு முன் வரைவை எனக்கும் காட்டு.

அன்புடன்,
மாமா