மாங்காய் இறங்கும் முன்: பழைய பிக்கப்பின் ரேடியேட்டரைப் பாருங்கள்

பங்குனி பிறந்துவிட்டது. பெங்களூரா மரங்களில் பிஞ்சு கோலிக்குண்டைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் போச்சம்பள்ளி, சந்தூர், காவேரிப்பட்டணம் சாலைகளில் மாங்காய் ஏற்றிய பிக்கப்புக்கு ஒதுங்க இடம் இருக்காது. அந்த வாடகையை எண்ணி நம் உறுப்பினர்கள் சிலர் இந்த மாதமே பழைய வண்டி பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாங்கி முடித்தவர்களுக்கும், அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் இந்த அறிக்கை.

போன ஆனியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாங்கூழ் ஆலை ஒன்றின் வாசலில் நீண்ட வண்டி வரிசை. கால் மணிக்கு ஒரு முறை பத்தடி நகரும். எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்த நம் பையன் ஒருவனின் வண்டியில் ஆவி கிளம்பியது. வாங்கி நாற்பது நாள் ஆன வண்டி. ஈரச் சாக்கை மூடிமேல் போட்டுத் திருகினான். முகம், கழுத்து, வலது கை எல்லாம் வெந்துபோயிற்று. கண் தப்பியதே பெரிது. லோடு வண்டியிலேயே அழுகியது, சிலிண்டர் ஹெட் வளைந்தது, மாதத் தவணை மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை.

ஆகவே இந்த அறிக்கையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒரு வரியை மறக்காதீர்கள்:

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

காரணம் சொன்னால்தான் சிலர் கேட்பார்கள். மூடியின் அடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. உள்ளே சுமார் 1 பார் அழுத்தம் ஏறும்வரை அது வழி விடாது. குக்கர் வெயிட் செய்யும் அதே வேலை. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரிக்குப் பக்கம் போனால்தான் கொதிக்கும். 110 டிகிரியில் சாதுவாக நின்றுகொண்டிருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்து அழுத்தம் போன நொடியே கொதிக்கத் தொடங்கி, மேலே இருப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு வெளியே பாயும். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். உங்கள் ஈரச் சாக்கு அதில் எதைத் தடுக்கும்? வெயிட் கத்திக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது குக்கர் மூடியைத் திருகினால் பார்த்துக்கொண்டு இருப்பீர்களா?

எஞ்சினை அணைத்து அரை மணியாவது ஆக வேண்டும். லோடோடு சித்திரை வெயிலில் நின்ற வண்டி என்றால் ஒரு மணி நேரம். துணியைச் சுற்றி மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது. சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில்தான் அழுத்த மூடி. ‘டப்பாதானே’ என்று அதைத் திருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் இதே விதி.

இனி சோதனை. விடிகாலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மட்டும் செய்ய வேண்டியது இது. வாங்கப் போகிற வண்டி என்றால் சொல்லாமல் கொள்ளாமல் ஆறு மணிக்குப் போய், முதலில் பானெட்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். இன்னொரு நாள் பார்க்கலாம்.

மூடியைக் கழற்றியதும் தண்ணீர் கழுத்து வரை நிற்க வேண்டும். பச்சையா, சிவப்பா, நீலமா என்பது முக்கியமில்லை. அது கம்பெனிக்காரர் போடும் சாயம், அதில் தரம் தெரியாது. தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். செம்மண் குட்டைபோல இருந்தால் துரு. கூலண்ட் ஊற்றாமல் போர் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவம்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்திருக்கும். ஜவ்வரிசிக் கஞ்சிபோலக் கெட்டியாக இழுத்தால், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலண்டைக் கலந்திருக்கிறார்கள். மஞ்சள் கலங்கலாக இருந்து மூக்கில் சமையலறை வாசம் அடித்தால், மஞ்சள் தூள்! ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க நம் டிரைவர்கள் தலைமுறையாகக் கையாளும் வைத்தியம். ஓட்டை ஒரு வாரம் அடைபடும், குழாயும் சேர்ந்து அடைபடும். குழம்புக்குப் போட வேண்டியதைக் குழம்புக்குப் போடுங்கள்.

பயப்பட வேண்டிய நிறம் வேறு. காபியில் பால் அதிகமானது போல, அல்லது கரைத்த சாக்லேட் போல, கொழகொழவென்று மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தால் எண்ணெய் கலந்துவிட்டது. நம் பக்கம் ஓடும் பிக்கப்கள் பெரும்பாலும் மேனுவல் கியர், ஆகவே கியர் ஆயில் ரேடியேட்டருக்கு வர வழியில்லை. வந்தது எஞ்சின் ஆயில்தான். எங்கிருந்து? ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட், அல்லது விரிசல் விட்ட ஹெட். ஓடும் எஞ்சினில் ஆயிலின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. அதனால் ஆயில் கூலர் ஓட்டையானால் ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். அணைத்தபின் ஆயில் அழுத்தம் விழுந்துவிட, மிச்சமிருக்கும் தண்ணீர் அழுத்தம் ஆயில் பக்கம் தள்ளும். தண்ணீரில் மட்டும் எண்ணெய் இருந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் முதலில் ஆயில் கூலரைச் சந்தேகியுங்கள். ‘ஹெட்டை இறக்கிடலாம்ணா’ என்று மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். ஹெட் இறக்கும் செலவும் கூலர் மாற்றும் செலவும் ஒன்றல்ல.

டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்தில் இருந்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பேரிங் போய்விடும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசான வெள்ளைப் பூச்சு இருந்தால் பயம் வேண்டாம். குட்டித் தூரம் ஓடும் வண்டியில் வெறும் ஈரப்பதத்தாலும் அது வரும்.

சரி, மூடியைத் திறந்தால் கூலண்ட் பளபளவென்று புத்தம்புதிதாக இருக்கிறது. சந்தோஷமா? எனக்கு அப்போதுதான் சந்தேகம் அதிகமாகும். விற்கிறவர் நேற்று கழுவி ஊற்றியிருக்கலாம். ரேடியேட்டரைக் கழுவுகிறவர் ரிசர்வ் டப்பாவின் அடியைப் பெரும்பாலும் கழுவுவதில்லை. டப்பாவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூடியின் ரப்பர் மடிப்பில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். பழைய கதை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் ஹோஸ் ஓரிடத்தில் மட்டும் ஊதி, பிசுபிசுத்து மென்மையாக இருந்தாலும் எண்ணெய் பட்ட அடையாளம்தான்.

ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் கால் லிட்டர் எடுத்து, அசைக்காமல் மறுநாள் வரை வையுங்கள். எண்ணெயும் டீசலும் மேலே மிதக்கும், துருவும் மஞ்சளும் அடியில் தங்கும். டீசல் வாசம் அடித்தால், சில எஞ்சின்களில் இன்ஜெக்டர் ஸ்லீவ் கசிவாக இருக்கலாம். வாசம் பார்க்கலாம், வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பெரிய மேஸ்திரிக்கு அந்தப் பழக்கம் இருந்தது. கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம்.

அடுத்தது குமிழி. எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். முதலில் நாலைந்து காற்றுக் குமிழி வந்து நிற்பது இயல்பு. நிற்காமல் வந்துகொண்டே இருந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடினால், எரிந்த புகை தண்ணீருக்குள் வருகிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். இரண்டு நிமிடம் போதும், சூடேறுவதற்குள் அணைத்துவிடுங்கள். பிறகு மூடியைப் போட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடியுங்கள். ஹோஸ் இன்னும் சில்லென்றே இருக்க, ஒரு நிமிடத்தில் கல்லாக இறுகினால் சூட்டால் வந்த அழுத்தமில்லை, புகைதான். சந்தேகம் தீரவில்லை என்றால் நீலத் திரவச் சோதனை வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். எரிபுகை பட்டால் அந்த நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும்.

எதுவும் கலக்கவில்லை, ஆனால் தண்ணீர் மட்டும் வாரம் அரை லிட்டர் குறைகிறது என்பவர்கள் உண்டு. கீழே சொட்டும் இல்லை. சைலன்சரில் எஞ்சின் சூடான பின்னும் வெள்ளைப் புகை நின்றால் தண்ணீர் அந்த வழியாகப் போகிறது. ஹெட்டாக இருக்கலாம், ஈ.ஜி.ஆர். கூலராகவும் இருக்கலாம். பிரஷர் டெஸ்டர் போட்டு, கால் மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் தினமும் பாட்டில் பாட்டிலாக ஊற்றிக்கொண்டிருப்பது பராமரிப்பு ஆகாது.

வழக்கமான வேலைகள்: ஃபேன் பெல்ட் பாருங்கள். வாட்டர் பம்ப் அடியில் கறை இருக்கிறதா பாருங்கள். ரேடியேட்டர் முகத்தில் அடைந்த பூச்சி, வைக்கோல் தூசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் போடுங்கள். கிளிப்புகளை முறுக்குங்கள்.

எண்ணெய் கலந்த வண்டிக்கு முதலில் காரணத்தைச் சரிசெய்து, பிறகுதான் கழுவ வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து இருமுறை செலவழிக்கிறார்கள். நுரைக்காத ஃப்ளஷ் மருந்து ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். ஊறிய ஹோஸை மாற்றுங்கள். கடைசியில் உங்கள் வண்டிப் புத்தகம் சொல்லும் வகைக் கூலண்டும் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் சரிபாதி. அந்தக் கலவை அழுத்தம் இல்லாமலே 107 டிகிரி அளவில்தான் கொதிக்கும், துருவும் பிடிக்காது. ‘கூலண்ட் குளிர் நாட்டுக்குத்தானே’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தனிக் கூலண்டை மட்டும் ஊற்றினால் இன்னும் நல்லதா என்றால், இல்லை. சூட்டை எடுத்துச் செல்வதில் தண்ணீரைவிட அது மட்டம். வடித்ததைத் தொழுவத்துப் பக்கம் ஊற்றாதீர்கள். இனிப்பு வாசத்துக்கு நாயும் கன்றும் நக்கும், நக்கினால் பிழைப்பது கடினம். கேனில் பிடித்து மூடி, ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.

வழியில் முள் சிவப்புக்குப் போனால் ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள். முள் தானாக இறங்கிவிட்டது என்று மறுபடி ஓட்டாதீர்கள். தண்ணீரே இல்லாமல் போனால் சென்சார் காற்றில் நின்று பொய் சொல்லும். காயும் எஞ்சின்மேல் குடத்துத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஹெட் விரிசல் விடும். பின்னால் நிற்கும் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார், ஆலை வாட்ச்மேன் கத்துவார், மாங்காய் வியாபாரி போனில் திட்டுவார். திட்டட்டும். மூடியில் கை வைக்காதீர்கள். பாதித் திருகல், கால் திருகல், சாக்கு, துண்டு, ‘இருபது வருஷமா இப்படித்தான் தொறக்கறேன்’ எதுவும் வேண்டாம். இருபது வருஷம் தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம், உங்கள் திறமை அல்ல. பக்கத்தில் நிற்கும் கிளீனர் பையனுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று யார் சொன்னது?

மீறிச் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். இங்க், பற்பசை, இட்லி மாவு எதையும் பூசாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொள்முதல் களத்தில் நானும் இரண்டு மெக்கானிக்குகளும் எல்லா வண்டியையும் பார்க்கிறோம். பணம் வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவே வண்டியைக் களத்தில் விட்டுவிட்டுப் போங்கள். காலையில் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தும் வண்டியின் மூடியை நான் திறக்க மாட்டேன்.