சஞ்சு அட்டை லட்சத்துக்குப் போகாது

"ராஜஸ்தான் சட்டை போட்ட சஞ்சு அட்டை இனிமேல் வராது. கையில் இருக்கிறதைப் பத்திரமா வை. பத்து வருஷத்தில் லட்சத்துக்குப் போகும்."

2025 நவம்பரில் கிரிக்கெட் ஆட்டக்காரர் சஞ்சு சாம்சன் ராஜஸ்தான் ராயல்ஸிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸுக்கு மாறியதிலிருந்து அவருடைய ஊரான திருவனந்தபுரத்தில் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. சாலைக் கடைத்தெருவில் கேட்டாயிற்று, கரமனையில் கேட்டாயிற்று. கல்யாணப் பத்திரிகை அடிக்க என் அச்சகத்துக்கு வந்த ஒருவர், வந்த வேலையை விட்டுவிட்டு மகனுடைய கிரிக்கெட் அட்டைக் கட்டை மேசையில் பரப்பி, "அண்ணாச்சி, இதுல எது நல்ல விலைக்குப் போகும்?" என்கிறார். எதுவும் போகாது. போதுமா?

போதாதாம். உடனே அமெரிக்காவை இழுப்பார்கள். சரி, அங்கேயே போவோம்.

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் அட்டைகள் அங்கே கோடிக்குப் போவது உண்மைதான். 2022 ஆகஸ்டில், மிக்கி மேன்டிலின் 1952ஆம் வருஷத்து டாப்ஸ் கம்பெனி அட்டை ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 100 கோடி ரூபாய். அதே மாதம் ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இந்தத் தொகைகள் நம் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. காரணம் மட்டும் சுற்றுவதில்லை.

வாக்னர் அட்டை 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த வரிசையில் வந்தது. அவருடையதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். உலகம் முழுக்கத் தேடினாலும் ஏறத்தாழ அறுபதுதான் தேறும். மேன்டில் கதை இன்னும் வேடிக்கை. அவர் அட்டை இருந்த வரிசை அந்த வருஷம் கடைசியாக, சீசன் முடிகிற நேரத்தில் வந்தது. கடைக்காரர்கள் வாங்கவில்லை. விற்காத பெட்டிகள் டாப்ஸ் கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கிடந்தன. கடைசியில் 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த அட்டையை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். விற்றவற்றையும் பையன்கள் சைக்கிள் கம்பியில் செருகிக் கிழித்தார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். நூறு கோடிக்குப் போன அட்டை, தரத்தில் பத்துக்கு ஒன்பதரை வாங்கிய ஒற்றைப் பிரதி. மூலை மழுங்கிய மற்ற மேன்டில்கள் அதன் பக்கத்திலேயே வர முடியாது.

அதாவது, யாரும் பத்திரமாக வைக்காததால்தான் அதற்கு விலை வந்தது. எல்லாரும் பத்திரமாக வைத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே அமெரிக்கா காட்டிவிட்டது. 1980களின் கடைசியில் பழைய அட்டைகளின் விலை பத்திரிகையில் வந்ததும், ஆளாளுக்குப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் அடுக்கினார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் அடித்துத் தள்ளின. அந்தப் பெட்டிகளில் பல இன்றும் பிரிக்காமலே இருக்கின்றன. வாங்குவாரில்லை. ஒரு மாவட்டம் முழுக்க அட்டையை உறையில் போட்டுப் பூட்டிவைத்துவிட்டு விலை ஏறும் என்று காத்திருந்தால், யார் வாங்குவது? எதிர்வீட்டிலும் அதே அட்டைதானே இருக்கிறது!

"இனிமேல் வராது" என்பதும் அவசரப் பேச்சு. 2016, 2017இல் ராஜஸ்தான் அணி தடையில் இருந்தபோது சஞ்சு டெல்லிக்கு ஆடினார். 2018இல் திரும்பி வந்தார். அவருக்குப் பதிலாக இப்போது ராஜஸ்தானுக்குப் போன ஜடேஜா, 2008இலேயே அந்தச் சட்டையைப் போட்டவர். அவருடைய ஊர் ஜாம்நகரில் மஞ்சள் சட்டை ஜடேஜா அட்டைக்கு இதே புரளி ஓடுகிறதோ என்னவோ.

இந்த ஆசையைத் தூண்டிவிடுவதில் ஆபத்தும் இருக்கிறது. பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பி, 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. நோட்டு போய் அட்டை வர எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த நம்பிக்கை: நட்சத்திர ஆட்டக்காரரின் அட்டையைக் கம்பெனிக்காரன் வேண்டுமென்றே குறைவாக அடிக்கிறான். மினுமினுப்பு அட்டை, எண் போட்ட அட்டை என்று தனி வகைகள் உண்டு. அவற்றைக் குறைவாகத்தான் அடிப்பார்கள். சாதாரண அட்டைக்கு இது பொருந்தாது. அட்டையை யாரும் ஒவ்வொன்றாக அடிப்பதில்லை. பெரிய ஷீட்டில் எல்லாரையும் கட்டம் கட்டமாக அடுக்கி ஒரே ஓட்டத்தில் ஓட்டி, பிறகு கட்டிங்குக்கு அனுப்புகிறோம். ஷீட்டில் ஆளுக்கொரு கட்டம் என்றால், ஆளுக்கு ஒரே எண்ணிக்கைதான். 1952 மேன்டில் வரிசையில் 311 முதல் 407 வரை 97 அட்டைகள். ஷீட்டில் 100 கட்டம். மிச்சம் மூன்றை வெள்ளையாகவா விடுவார்கள்? மூன்று பேரை இரண்டு தடவை போட்டார்கள். அந்த மூவரில் ஒருவர் மேன்டில்! நூறு கோடி அட்டை, தன் வரிசையில் மற்றவற்றைவிட இரட்டிப்பாக அடிக்கப்பட்டது.

உலகக் கோப்பை ஃபுட்பால் வந்தால் இதே புகார் மெஸ்ஸி ஸ்டிக்கர் மேல் வரும். ஜெனீவா பல்கலைக்கழகக் கணிதக்காரர்கள் இருவர் 2010இல் பானினி கம்பெனியின் ஸ்டிக்கர்களைக் கணக்கெடுத்துப் பார்த்து, ஒளித்துவைத்ததற்கு அடையாளம் இல்லை என்றார்கள். 2022 உலகக் கோப்பை ஆல்பத்தில் 670 ஸ்டிக்கர். யாரோடும் மாற்றிக்கொள்ளாமல் தனியாக நிரப்ப, சராசரியாக 4,700 ஸ்டிக்கருக்கு மேல் வாங்க வேண்டும் என்பது வெறும் நிகழ்தகவு. ஐந்தைந்தாக வரும் பாக்கெட்டில் 900க்கு மேல். மெஸ்ஸி கிடைக்காதது சதி இல்லை, கணக்கு. பக்கத்து பெஞ்சுப் பையனோடு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தொண்ணூறுகளில் பெட்டிக்கடையில் விற்ற டிரம்ப் கார்டு வைத்திருக்கும் நாற்பது வயசுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆட்டம், ரன், அதிகபட்ச ஸ்கோர், விக்கெட் போட்டு வந்த அந்தக் கட்டுகளைப் புதையல்போல் கொண்டுவருகிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஆண்டும் இல்லை, அச்சகத்தின் பெயரும் இல்லை. தேர்தல் நோட்டீஸில்கூட அச்சிட்டவர் பெயர் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்த வருஷம், யார் அடித்தது என்று சொல்ல முடியாத அட்டைக்குச் சேகரிப்பவன் எதை நம்பிப் பணம் தருவான்? நகல் வேறு நடமாடுகிறது. லென்ஸை எடுத்து அட்டையில் உள்ள கறுப்பு எழுத்தைப் பாருங்கள். முதல் அச்சில் எழுத்து ஒரே மையில், ஓரம் கூராக, கெட்டியாக நிற்கும். ஸ்கேன் பண்ணி அடித்ததில் எழுத்தே நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாக உதிர்ந்து கிடக்கும். காகிதம் பழுப்பேறியிருப்பது எதற்கும் சாட்சி இல்லை. டீத்தண்ணீரில் நனைத்தாலும் பழுப்பேறும்.

லாமினேஷன் போட்டால் காலத்துக்கும் நிற்குமாம். தயவுசெய்து போடாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கை மையைப் பெயர்க்காமல் பிரிக்க முடியாது. லாமினேஷன் போட்ட அட்டையைச் சேகரிப்பவர் யாரும் தொட மாட்டார். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. ஆர்ட் கார்டின் மேல்பூச்சு ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பேண்டையும் மெதுமெதுப்பான பிவிசி உறையையும் தூக்கி எறியுங்கள். பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, சுவரோடு ஒட்டாத அலமாரியில் வைத்தால் இராமபாணப் பூச்சியும் அவ்வளவாக வராது.

கையெழுத்து வாங்கினால் விலை ஏறுமா? கையெழுத்து நிஜம் என்று நிரூபிக்க முடிந்தால் ஏறலாம். அட்டை சேர்த்தால் படிப்பு கெடுமா? கெடாது. ரன் சராசரி போட்டுப் பார்த்தே வகுத்தல் கற்றுக்கொண்ட பிள்ளைகள் உண்டு.

எனக்கு இருக்கிற ஆற்றாமை வேறு. 2025 பிப்ரவரியில் ரஞ்சி அரையிறுதி, அகமதாபாத். கேரளா முதல் இன்னிங்ஸில் 457. குஜராத் 455இல் நிற்கும்போது கடைசி ஆட்டக்காரர் நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்த பந்து, ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, ஸ்லிப்பில் நின்ற கேப்டன் சச்சின் பேபியின் கைக்கு வந்தது. முதல் இன்னிங்ஸில் இரண்டு ரன் முன்னிலை. கேரளா முதன்முறையாக ரஞ்சி இறுதிக்குப் போனது. அந்த அரையிறுதியில் கேரளாவின் முகமது அசாருதீன் அடித்தது ஆட்டமிழக்காமல் 177. இந்த மூவருக்கும் கேரளச் சட்டையில் ஓர் அட்டை இதுவரை என் கண்ணில் படவில்லை. சஞ்சுவை மஞ்சளிலா இளஞ்சிவப்பிலா வைப்பது என்று சண்டை போடுகிற ஊரில், சொந்த அணியைச் சேர்த்துவைக்க அட்டை இல்லை.

இது பெரிய செலவும் இல்லை. அந்த அணியில் பதினாறு பேர் என்று வையுங்கள். ஒரே ஷீட்டில் அடங்குவார்கள். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, முன்பக்கம் நாலு கலர், பின்பக்கம் கறுப்பு. பின்பக்கத்தில் பிறந்த ஊர், ரஞ்சிக் கணக்கு. அடியில் ஆண்டும் அச்சகத்தின் பெயரும் கட்டாயம். சல்மான் நிசார் ஹெல்மெட்டோடு இருக்க வேண்டும். படத்துக்கும் பெயருக்கும் ஆட்டக்காரர்களிடமும் கிரிக்கெட் சங்கத்திடமும் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு கிளப் முன்வரட்டும். பிளேட் செலவு என்னுடையது.