தாயக்கட்டையும் எகிப்தின் செனெட்டும்: ஒரு நிகழ்தகவுப் பாடம்

நிகழ்தகவு என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் தலைமுறை தலைமுறையாக இந்தப் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தாயம் ஆடாத வீடு நம் விருதுநகர் மாவட்டத்தில் உண்டா? அதைக் கொண்டே இந்தக் கணக்கை விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. எகிப்து நாட்டில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே செனெட் என்ற ஆட்டம் இருந்தது. வரிசைக்கு 10 வீதம் 3 வரிசை, ஆக 30 கட்டங்கள். 1922-ல் ஹோவார்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் இந்த ஆட்டப் பலகைகளும் இருந்தன. அந்த அரசன் இறக்கும்போது வயது சுமார் 18 அல்லது 19, கிட்டத்தட்ட நம் வயதுதான்! நெஃபர்தாரி அரசி செனெட் ஆடுவதுபோல் அவள் கல்லறைச் சுவரில் ஓவியமே இருக்கிறது. காய் கடைசிக் கட்டத்தைத் தாண்டி வெளியேறுவதை, உயிர் மறுமைக்குப் போவதாகப் பிற்காலத்தில் அவர்கள் கருதினார்கள்.

செனெட்டில் காயை நகர்த்தப் பயன்பட்டவை பெரும்பாலும் நான்கு குச்சிகள். ஒருபுறம் தட்டை, மறுபுறம் உருண்டை. நம் ஊரில் புளியங்கொட்டையை இரண்டாக உடைத்து, வெள்ளைப் பக்கம் எத்தனை விழுந்தது என்று எண்ணுவோமே, அதே முறைதான்.

நம் பக்கமும் பழமைக்குக் குறைவில்லை. கீழடியில் தந்தத்தால் செய்த பகடை கிடைத்திருக்கிறது. எங்கள் அச்சங்குளத்துக்குப் பக்கத்தில், வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்விலும் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்ததால், நம்மவர்கள் அங்கே போய் வந்ததும் உறுதி. அதற்காக ஆட்டம் இங்கிருந்துதான் போனது என்று சொல்லிவிட முடியாது. உலகமெங்கும் மனுசன் கட்டையை உருட்டித்தான் இருக்கிறான்.

இனி கணக்குக்கு வருவோம். நம் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: 0, 1, 2, 3 புள்ளிகள். ஆக 4 × 4 = 16 விதமாக விழலாம். அவை வருமாறு:

தாயம் (1) – 2 விதம்
இரண்டு – 3 விதம்
மூன்று – 4 விதம்
நான்கு – 3 விதம்
ஐந்து – 2 விதம்
ஆறு – 1 விதம்
பன்னிரண்டு (இரண்டும் வெறுமை) – 1 விதம்

எனவே ஒரு உருட்டில் தாயம் விழ வாய்ப்பு 2/16, அதாவது எட்டில் ஒன்று. எங்கள் ஊர் வழக்கப்படி 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். இதையும் சேர்த்தால், ஒரு முறை கட்டை கைக்கு வரும்போது தாயம் விழ வாய்ப்பு P என்று கொள்வோம். உடனே தாயம் விழ 1/8. 5, 6, 12 விழுந்து மறு உருட்டு கிடைக்க 4/16, அதாவது 1/4. ஆகவே P = 1/8 + P/4. தீர்த்தால் P = 1/6. ஆறு பக்கப் பகடையில் ஒரு எண் விழும் அதே வாய்ப்பு! பெயர் தெரியாத நம் முன்னோர் வகுத்த விதி எவ்வளவு கச்சிதம் பாருங்கள்.

"ஏழு தடவை விழல, எட்டாவது கட்டாயம் விழும்" என்பார் எங்கள் அப்பத்தா. அது சரியில்லை. எட்டு உருட்டிலும் தாயமே விழாமலிருக்க வாய்ப்பு (7/8)-ன் எட்டாம் அடுக்கு, அதாவது சுமார் 34 சதவீதம். கட்டைக்கு ஞாபகம் கிடையாது. முன்னே விழுந்தது எதுவும் அதற்குத் தெரியாது.

இந்தக் கணக்கை நான் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். என் அம்மா பட்டாசு வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைக்கிறார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேரளவில் உயிரிழந்தார்கள். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் "எல்லாம் விதி" என்று முடித்துவிடுவார்கள். "இத்தனை நாள் ஒண்ணும் ஆகல, இன்னைக்கு என்ன ஆகிடப் போகுது" என்பதும் நம் ஊரில் அன்றாடம் கேட்கிற பேச்சு.

நண்பர்களே, இந்த இரண்டு பேச்சையும் கணக்கு மறுக்கிறது. உதாரணத்துக்கு, ஒரு அறையில் ஒரு நாளைக்கு விபத்து வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் 300 நாள் ஒன்றுமே ஆகாமலிருக்க வாய்ப்பு 0.999-ன் 300-ஆம் அடுக்கு, சுமார் 0.74. அப்படியானால் வருசத்துக்குள் விபத்து நேர வாய்ப்பு 26 சதவீதம், நாலில் ஒன்று! நேற்று வரை தப்பித்தது இன்றைக்குக் காவல் ஆகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாயக்கட்டையின் பக்கங்களை நாம் மாற்ற முடியாது. மருந்து அறையில் அந்த ஆயிரத்தில் ஒன்றைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்க முடியும். உராய்வு, நிலைமின்சாரம், வெயில் சூடு, அளவுக்கு மேல் குவித்த மருந்து ஆகியவைதான் தீப்பொறிக்கு வழி. ரப்பர் விரிப்பு, குறைந்த அளவு மருந்து, மெதுவான கை ஆகியவை வாய்ப்பைக் குறைக்கும். அறைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பை மீறாதிருந்தால், விபத்து நேர்ந்தாலும் சேதம் குறையும். வாய்ப்பைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்கினால் அதே 300 நாளில் ஆபத்து 26-லிருந்து 3 சதவீதமாக இறங்கிவிடும்.

திண்ணையில் தாயம் விழாவிட்டால் காய் உள்ளே இறங்காது, அவ்வளவுதான். பட்டறையில் அப்படியில்லை. ஆகவே, படித்த நாம் லீவுக்கு ஊருக்குப் போகும்போது தாயக்கட்டையை எடுத்து வைத்து, பதினாறு விதத்தையும் பெரியவர்களுக்கு எண்ணிக் காட்டுவோம். அப்புறம் அந்த நாலில் ஒன்றையும் சொல்லுவோம். அவர்களுக்குப் புரியாத கணக்கு அல்ல. யாரும் இதுவரை சொல்லாத கணக்கு!