டியூப் ஆம்ப் வாங்குவதா, வேண்டாமா? கொல்கத்தா கிதார்காரர்களுக்கு

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு முதலில் ஒரு கெட்ட செய்தி: இறங்காது. கிதார் ஆம்புக்கான டியூப்களை, அதாவது வால்வுகளைப் பெருமளவில் செய்பவை இன்று ஸ்லோவாகியாவின் ஜேஜே, ரஷ்யாவில் சரடோவ் நகரத்து ஆலை, பிறகு சீன ஆலைகள், அவ்வளவுதான். எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்-சோல், சோவ்டெக் என்று பெயர் பலவானாலும் எல்லாம் சரடோவ் சரக்குதான். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது உலகமே பதறியது. தடை தளர்ந்த பிறகும் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நமக்கு ரூபாயின் சரிவு வேறு: 2014இல் 60 ரூபாய் அளவில் இருந்த டாலர், 2024 முடிவில் 85ஐத் தாண்டியது. அதன்மேல் சுங்கவரி, ஜிஎஸ்டி. ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செய்தது. அவை இப்போது சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்.

எங்கே வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே தேர்வு. லேக் மார்க்கெட் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய ஃபிளாட்டில் என்றால் டியூப் ஆம்ப் வீண். 15 வாட் ஃபெண்டர் புளூஸ் ஜூனியர்கூட, சத்தத்தை ஏற்றினால்தான் டியூபுக்கே உரிய கரகரப்பைத் தரும். அதற்குள் கீழ்வீட்டு மாமா கதவைத் தட்டிவிடுவார். அங்கே டியூப் இல்லாத பாஸ் கட்டானா 50 போதும். அரை வாட்டுக்கு இறக்கலாம், ஹெட்ஃபோனும் போடலாம்.

மேடைக்காரர்கள் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஏறக்குறைய 19 கிலோ. 2019இல் வந்த, வால்வே இல்லாத டோன் மாஸ்டர் வடிவம் பத்தரை கிலோதான். வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் மாடிப்படி ஏறுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒலியில் வித்தியாசம் உண்டு. வாசிப்பவருக்குக் கேட்கும், கூட்டத்துக்குக் கேட்காது என்பது என் கட்சி.

டியூப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் செகண்ட் ஹேண்ட் பக்கம் போகலாம். ஆனால் பின்பலகையைப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. நம் 230இல் நேராகச் செருகினால் ஃபியூஸ் போவது அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மர் போவது விதி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது ஆம்பின் 15 வாட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது வெளிவரும் ஒலியின் அளவு. மின்சாரத்தை ஆம்ப் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50இல் கூடுதலாகச் சூடேறும் என்பதும் நினைவிருக்கட்டும். அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். வால்வை பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணிபோல ஒலித்தால் அதை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மழைக்கால ஈரத்தில் குமிழ்கள் கரகரப்பது சகஜம், அதற்காக நல்ல ஆம்பை விட வேண்டாம்.

தொடர்ந்து வாசிப்பவருக்குப் பவர் வால்வுகள் சில வருடங்களுக்கொருமுறை மாறும். முன்பகுதியின் 12ஏஎக்ஸ்7 வால்வுகள் அதிக நாள் உழைக்கும். விலை பேசும்போதே ஒரு செட் வால்வின் காசையும் சேர்த்துப் பாருங்கள். ரிப்பேருக்கு சாந்தினி சௌக்கில் விசாரித்து, பழைய வால்வு ரேடியோவில் கைபழகியவரைப் பிடியுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்யத்தான் டியூப் என்றால், அது இருக்கும் ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது மலிவு.