குடிக்கிற வீட்டுத் தங்கச்சிக்கு அக்காவின் 8 டிப்ஸ்

செமோரில் சாயங்காலம் ஏழு மணி ஆனால் சில வீடுகளில் பெண்களின் காது வாசலுக்குப் போய்விடும். மோட்டார் சத்தம் முச்சந்தியில் ஒரே சீராகத் திரும்பினால் அடுப்பில் ரசம் கொதிக்கலாம். முறுக்கி முறுக்கி வந்தால் பிள்ளைகளின் பள்ளிப் பையை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் நம் அம்மாக்கள் கற்ற வித்தை இது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் வீடு வந்தது, கள்ளுக்கடை போய் சம்சு சாராயப் போத்தல் வந்தது. காது மட்டும் இன்னும் வாசலில்தான் இருக்கிறது.

வெட்கப்படாதே தங்கச்சி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டவற்றில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது. உன் ஒருத்தி வீட்டுச் சங்கதியாக இருந்தால் ஊரே திரண்டிருக்குமா?

குடியை உன் வீட்டுக்காரர்தான் விட வேண்டும். அதுவரை உன் கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

1. சண்டைக்குப் பதில் கணக்கு

போதையில் இருப்பவரிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதே. காலண்டரில் குடித்த நாளுக்கு ஒரு புள்ளி, வேலைக்குப் போகாத நாளுக்கு ஒரு கோடு, செலவான வெள்ளியையும் எழுது. மாதக் கடைசியில், காலையில் கோப்பி குடிக்கும்போது அவர் முன் வை. 'எப்பவாவதுதானே' என்று அவரால் சொல்ல முடியாது. டாக்டருக்கும் அந்தத் தாள் உதவும்.

2. 'இன்றோடு நிறுத்து' என்று சத்தியம் வாங்காதே

பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் தெரியலாம், மனம் குழம்பலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். கோயிலில் கயிறு கட்டுவது உன் நம்பிக்கை. அதற்கு முன் அரசு கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போ, குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய பஹாகியா மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி பேசியே வளர்ந்தோம். கேலிக்குப் பயந்து வைத்தியத்தை விட்டுவிடாதே.

3. இந்த அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்காதே

ரத்த வாந்தி, கறுப்பு மலம், கண் மஞ்சள், வயிறு வீங்குதல் எல்லாம் ஈரல் கெட்டதன் அடையாளமாக இருக்கலாம். மலிவுப் போத்தல் குடித்த மறுநாள் கண் பனிமூட்டமாகத் தெரிகிறது என்றால் மெத்தனால் நஞ்சாக இருக்கலாம். 'தூங்கினால் தெளிந்துவிடும்' என்று படுக்க வைக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் இப்படி முப்பது பேருக்கு மேல் செத்தார்கள்.

4. சாவியை எடுத்து வை

2020 அக்டோபர் முதல் சட்டம் கடுமையாகிவிட்டது. 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது. மீறினால் முதல் தடவையே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, குறைந்தது இரண்டு வருடம் லைசென்ஸ் கிடையாது. உயிர் போனால் 10 முதல் 15 வருடம் சிறை. சொந்த வண்டிச் சேதத்துக்குக் காப்புறுதிப் பணம் வராது. அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தையும் கம்பெனி அவரிடமே திருப்பிக் கேட்கலாம். அந்தக் கடன் உன் சமையலறைக்குத்தான் வரும்.

5. வேலை விட்டதும் நேராக வீடு

வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் விபத்து என்றால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு உண்டு. நடுவில் கடைக்குத் திரும்பி நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டால் அந்தப் பயணம் அறுந்துபோகும், கோரிக்கை நிராகரிக்கப்படலாம். தெளிவாக இருக்கும்போது இதை அவரிடம் சொல். அறிவுரை கேட்காதவர்கூட காசுக் கணக்கைக் கேட்பார்.

6. காப்புறுதி பாரத்தில் பொய் வேண்டாம்

'குடிப்பீர்களா?' என்ற கேள்விக்கு ஏஜெண்ட் 'இல்லைன்னு போட்டுக்கலாம் அக்கா' என்பார். போடாதே. மறைத்தது தெரிந்தால் ஆஸ்பத்திரிக் கட்டணத்தை நீதான் கட்ட வேண்டி வரும். தனிநபர் விபத்துப் பாலிசிகளில் போதையில் நடந்த விபத்துக்குப் பொதுவாகப் பணம் இல்லை, விதிவிலக்குப் பக்கத்தைப் படி. ஆயுள் காப்புறுதியில் வாரிசுதாரராக உன் பெயரோ பிள்ளைகள் பெயரோ இருக்கிறதா பார். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, மனைவி பிள்ளைகளுக்கு எழுதிய பணத்தில் அவருடைய கடன்காரர்கள் கை வைக்க முடியாது. சேமநிதியிலும் வாரிசுப் பெயரைச் சரிபார். கல்யாணத்துக்கு முன் தன் அம்மா பெயரைப் போட்டுவிட்டு மறந்தவர்கள் ஏராளம். 2024 மே முதல் அதில் ஃபிளெக்சிபல் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 50 வெள்ளி இருந்தாலே எப்போதும் எடுக்கலாம். போதைக்கு அது திறந்த கதவு.

7. கை ஓங்கினால் காலை வரை காத்திருக்காதே

15999 தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழை. 2018 முதல் சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். ஏழு நாள் செல்லும், முதலில் போலீஸ் ரிப்போர்ட் வேண்டியதில்லை. அதற்குள் ரிப்போர்ட் செய்து நீதிமன்ற உத்தரவுக்குப் போ. காயத்தைப் படம் எடு, டாக்டரிடம் 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லாதே. செலவுக்குக் காசு தராமல் விட்டால் விவாகரத்து இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். அவர் சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

8. உனக்கென்று 120 வெள்ளி

குடும்பத் தலைவிகளுக்கு 2022 டிசம்பர் முதல் சொக்சோ திட்டம் இருக்கிறது. 55 வயதுக்குள் என்றால் வருடத்துக்கு 120 வெள்ளி கட்டினால் போதும். வீட்டு வேலையில் அடிபட்டாலும் முடமானாலும் கைகொடுக்கும். மாதம் பத்து வெள்ளி, ஒரு போத்தல் காசுக்கும் குறைவு.

கடைசியாக, தீபாவளிக்கு வாங்கிய பிஸ்கட் டின் ஒன்று எல்லார் வீட்டிலும் ஊசி நூலோடு கிடக்கும். அதைக் காலி செய். கல்யாண சர்டிபிகேட், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஐசி நகல், பாலிசி, ரிப்போர்ட் நகல், ஐம்பது வெள்ளி நோட்டு இரண்டு, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வை. வீட்டில் வைக்கப் பயமாக இருந்தால் அம்மா வீட்டில் வை. அவர் திருந்தினால் டின்னில் மறுபடி ஊசி நூல் போடலாம். இன்று ராத்திரி அவர் வருவதற்கு முன் அந்த டின்னைத் தேடி எடு.