கைதட்டப் போன தோழிகள்

மும்பையில் ஜனவரி மாதம் மாரத்தான் ஓட்டம் நடக்கிறது. இது 2004ஆம் ஆண்டு தொடங்கியது. கொரோனா காலத்தில் இரண்டு ஆண்டுகள் நடக்கவில்லை.

மாரத்தான் என்பது மிக நீண்ட ஓட்டம். மொத்தம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். பெண்களால் இவ்வளவு தூரம் ஓட முடியாது என்று முன்பு சொன்னார்கள். 1984ஆம் ஆண்டில்தான் ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது. இன்று மும்பையில் எத்தனையோ பெண்கள் ஓடுகிறார்கள்.

தாராவியில் தமிழர்கள் பலர் குடியிருக்கிறார்கள். அங்கே ஒரு தையல்காரப் பெண். தினமும் விடியற்காலையில் ஓடிப் பழகினாள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு மாரத்தானில் பெயர் கொடுத்தாள்.

அக்கம்பக்கத்து அக்காமார் மூன்று பேர் அவளைப் பார்க்கப் புறப்பட்டார்கள்.

"ஓடுறவ ஓடுறா. நாம போயி என்ன செய்ய?" என்றார் ஒருவர்.

"பிள்ளை பரீட்சைக்குப் போனா பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போறோம்லா? அது மாதிரிதான்" என்றார் இன்னொருவர்.

மாகிமில் ரயில் ஏறினார்கள். மகாலட்சுமியில் இறங்கி, பெடர் ரோடுக்கு நடந்தார்கள். அங்கே சாலை மேடாக ஏறுகிறது. ஓடி ஓடிக் களைத்த பிறகு இந்த மேடு வருகிறது. அதனால் ஓடுபவர்கள் இதற்குப் பயப்படுவார்கள்.

சாலை ஓரம் ஒரே கூட்டம். அந்தத் தெருக்காரர்கள் ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், தண்ணீர் கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கும் கைதட்டினார்கள். அக்காமார் ஓர் அட்டை கொண்டுவந்திருந்தார்கள். "ஓடு தங்கச்சி ஓடு" என்று தமிழில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி அவர்களே எழுதியது.

வெறுங்காலோடு ஒருவர் ஓடிப் போனார். "ஐயோ, கால் என்னத்துக்கு ஆகும்?" என்றார் ஓர் அக்கா. சிவ்நாத் சிங் என்ற இந்திய வீரரும் வெறுங்காலில் ஓடிப் பேர் வாங்கியவர்தான். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார்.

வெயில் ஏறியது. மணி பத்து ஆகும்போது தங்கச்சி வந்தாள். ஓடவில்லை. நடந்து வந்தாள். முகத்தில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஏன் இப்படி ஆகிறது? சோறு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு இவற்றில் மாவுச்சத்து இருக்கிறது. உடம்பு அதைத் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் ஓடினால் அந்தச் சேமிப்பு கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். கால் இரும்பாகக் கனக்கும்.

மூத்த அக்கா தங்கச்சியின் கண்ணைப் பார்த்தார். "இன்னைக்கு என்ன கிழமை, சொல்லு" என்றார்.

"ஞாயிறு. கடை லீவு."

பேச்சு குழறவில்லை. தள்ளாடவும் இல்லை. களைப்புதான், ஆபத்து இல்லை. பேச்சு குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் பேசினாலோ ஓட விடக் கூடாது. நிழலில் உட்கார வைத்து, உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். தண்ணீரையும் மடமடவென்று நிறையக் கொடுக்கக் கூடாது. இரத்தத்தில் உப்பு குறைந்துபோனால் உயிருக்கே ஆபத்து.

தங்கச்சி இரண்டு சுளை ஆரஞ்சு தின்றாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்ல வாயெடுத்தார் ஓர் அக்கா. மூத்தவர் தடுத்தார். பொய்யான ஆறுதல் களைத்தவரை இன்னும் களைக்க வைக்கும். அவர் சாலை ஓரப் பலகையைப் படித்தார். 36 என்று இருந்தது. விரல் விட்டு எண்ணினார்.

"இன்னும் ஆறு இருக்கு தங்கச்சி. ஆறேதான்!"

தங்கச்சி அட்டையைப் பார்த்தாள். வாய்க்குள் படித்தாள். கம்பியை விட்டுவிட்டு மேட்டில் நடந்தாள். மேடு முடிந்ததும் ஓடினாள்.

கணக்குப் போடுங்கள்:

தங்கச்சி காலை 5 மணிக்கு ஓடத் தொடங்கினாள். 11 மணி 5 நிமிடத்துக்கு எல்லைக் கோட்டைத் தாண்டிப் பதக்கம் வாங்கினாள். மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது?